இன்று யார் முறை?

ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கப்பட்டால் தஞ்சைத் தரணிக்கு அதுவே திருநாள். மூன்று நான்கு நாள்களில் நீர் கல்லணையை எட்டும். மலரும் நெல்மணியும் தூவி அதனை வரவேற்பார்கள். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, கிளை வாய்க்கால்களில் நுழைந்து, ஒருநாள் காலையில் அது நம் ஊர் மதகடியிலும் சலசலக்கும். சிறுவர்கள் குதிப்பார்கள், பெரியவர்கள் குறுவையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். ஊரே ஆற்றங்கரையில் நிற்கும் அந்த நாளில், நான் அறிந்த ஒரு வீட்டில் மட்டும் வாசற்கதவின் மேல்தாழ்ப்பாள் விழும்.

அந்த வீட்டில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். ஆட்டிசம் என்று மருத்துவர்கள் பெயரிட்ட நிலை அவனுக்கு உண்டு. நீரைக் கண்டால் அவன் முகத்தில் எழும் மகிழ்ச்சியை நான் வேறெந்தக் குழந்தையின் முகத்திலும் கண்டதில்லை. ஓடும் நீரில் வெயில் உடைந்து சிதறுவதை மணிக்கணக்கில் பார்த்து நிற்பான். ஆழம் என்ன என்பதை அவன் அறியான். பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பமாட்டான். இருமுறை ஆற்றை நோக்கி ஓடியிருக்கிறான். ஒருமுறை மாடு மேய்த்துக்கொண்டிருந்தவரும், மறுமுறை மதகைத் திறக்க வந்த லஸ்கரும் கண்டு தூக்கி வந்தார்கள். எனவே ஜூனில் தொடங்கி, அணை மூடப்படும் ஜனவரி 28 வரை, அவன் தாய் வீட்டைப் பூட்டியே வைத்திருக்கிறார். குளிக்கப் போகுமுன், உலை வைக்குமுன், கண்ணயருமுன் அவர் கை தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கிறது. நாம் வானத்தையும் கர்நாடகத்தையும் பார்த்துக் காத்திருக்கும் அதே நீர் அவருக்கு ஏறத்தாழ எட்டு மாதச் சிறையாகிறது.

அவருடைய அச்சம் வீணானதன்று. 2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உடைய பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் நான்கு வயதிற்குப் பின் ஒருமுறையேனும் பாதுகாப்பான இடத்தை விட்டுத் தாமே வெளியேறிச் செல்ல முயன்றதாகப் பெற்றோர் கூறினார்கள். 2017இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, இப்பிள்ளைகள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட 160 மடங்கு என்று கண்டார்கள். அது அங்குள்ள குளங்களையும் ஏரிகளையும் பற்றிய கணக்கு. கொல்லைப்புறத்தில் குட்டை, தெருமுனையில் வாய்க்கால், ஊர் எல்லையில் ஆறு என்று வாழும் நம் நாட்டுக்கு யார் கணக்கெடுத்தார்கள்?

இந்தச் சிறுவனைக் காப்பது யாருடைய கடமை? பெற்றோருடையது, இதிலென்ன ஐயம் என்று உடனே விடை வருகிறது. நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் ஆற்றின் கரையில் உடைப்பெடுத்தால், உடைப்புக்கு அருகில் நிலமுள்ளவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று நம் ஊரில் எவரும் சொல்வதில்லை. நள்ளிரவானாலும் சாக்கும் மண்வெட்டியுமாக எல்லாரும் ஓடுகிறோம். அடுத்தவர் மாடு வயலில் இறங்கினால் அரை நாழிகையில் உரியவருக்குச் செய்தி போய்விடுகிறது. மாட்டுக்கும் கரைக்கும் நாம் வைத்திருக்கும் இந்தப் பொதுக்காவல் ஒரு குழந்தைக்கு மட்டும் ஏன் இல்லாமற் போயிற்று?

ஒரு காரணம் அறியாமை. 1943இல் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற மருத்துவர் பதினொரு குழந்தைகளைக் கூர்ந்து நோக்கி எழுதிய கட்டுரையிலிருந்து இந்நிலைக்குத் தனிப் பெயர் வழங்கலாயிற்று. 'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. தமிழில் மன இறுக்கம் என்றார்கள், மதியிறுக்கம் என்றார்கள். அரசு ஆவணங்களில் புற உலகச் சிந்தனைக் குறைபாடு என்றும் உண்டு. எனக்கு எதுவும் ஒப்பவில்லை. அச்சிறுவனுடைய மனத்தில் இறுக்கம் எதையும் நான் கண்டதில்லை. புற உலகச் சிந்தனை குறைவதற்கு மாறாக, புற உலகம் அளவுக்கு மீறி அவனுக்குள் பாய்கிறது என்று சொல்லலாம். நமக்கு வெறும் விசிறிச் சத்தமாக இருப்பது அவனுக்கு அறுவை ஆலையின் இரைச்சலாக இருக்கக்கூடும். புதுச் சட்டையின் கழுத்துப்பட்டி முள்ளாகக் குத்தக்கூடும். நாளின் ஒழுங்கு மாறினால் தரையே நழுவியதுபோல் அலறக்கூடும். எல்லாரிடமும் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒருவர் சொல்லே பேசார். வேறொருவர் பட்டம் பெற்று வேலை பார்ப்பார், ஆனால் எதிரே இருப்பவர் சலித்துக்கொள்வதை முகத்தில் படிக்க இயலாமல் தவிப்பார். உலக நலவாழ்வு நிறுவனம் 2021ஆம் ஆண்டுக்குத் தரும் கணக்கு, 127 பேரில் ஒருவர் என்பது. அப்படியானால் நம் பங்கு ஒவ்வொன்றிலும் சிலர் இருக்க வேண்டும். ஞாயிறு திருப்பலியில் அவர்களைக் காணோம் என்றால், எங்கே இருக்கிறார்கள்?

இன்னொரு காரணம் அறியாமையினும் கொடியது. அது பழி. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவர் இவரா, இவருடைய பெற்றோரா என்று ஆண்டவரைக் கேட்டதாக யோவான் நற்செய்தி கூறுகிறது. இரண்டில் எதுவுமில்லை என்பதே அவர் விடை. இரண்டாயிரம் ஆண்டுகளாக இதை வாசித்தும் அந்தக் கேள்வியை நாம் கைவிடவில்லை. கருவுற்றிருந்தபோது கிரகணத்தில் வெளியே போனாள், மாமியாரை மனம் நோகச் செய்தாள், யாரோ செய்வினை வைத்தார்கள் என்று தெருவில் பேசுகிறோம். இது படிக்காதவர் பேச்சென்று ஒதுக்கவும் முடியாது. 1967இல் சிகாகோவைச் சேர்ந்த புரூனோ பெட்டல்ஹைம் என்ற பேரறிஞர், தாயின் அன்பற்ற குளிர்ந்த நெஞ்சமே குழந்தையை இப்படித் தனக்குள் ஒளியச் செய்கிறது என்று ஒரு நூலே எழுதினார். நாஜிகளின் வதைமுகாமில் தாமே அடைபட்டு மீண்டவர் அவர். அக்கொடுமையை அறிந்தவர், தாய்மாரைச் சிறைக்காவலர் இடத்தில் நிறுத்தினார்! அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, ஆட்டிசம் உடைய மகனின் தந்தையாகிய பெர்னார்டு ரிம்லாண்ட் என்ற உளவியலர் இது உடல் சார்ந்தது, வளர்ப்பின் பிழையன்று என்று சான்றுகளோடு காட்டியிருந்தார். 1969இல் பெற்றோர் கூடிய அவையில் முதியவரான கானர், அவர்கள்மீது பழியில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார். இன்று மரபணுக்களின் பங்கே பெரிதென்று அறிவோம். தடுப்பூசியால் வருகிறது என்று 1998இல் கிளப்பப்பட்ட கூற்றும் பொய்யாகி, அதனை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றது. ஆனால் பழி சுமந்த தாய்மாரின் அந்த ஆண்டுகளை யார் திரும்பப் பெற்றார்கள்?

பழி சொல்லாதவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். இங்கே நான் என் குற்றத்தையே சொல்ல வேண்டும். மேற்சொன்ன வீட்டில் ஒருநாள் அன்பியச் செபம் நடந்தது. பின்னறையில் சிறுவன் ஒரே ஓசையைத் திரும்பத் திரும்ப எழுப்பிக்கொண்டிருந்தான். செபம் முடிந்து புறப்படும்போது, வயதில் மூத்தவன் என்ற உரிமையில் அந்தத் தாயிடம், "ஆண்டவர் தமக்குப் பிடித்தவர்களுக்குத்தான் பெரிய சிலுவையைக் கொடுக்கிறார் அம்மா" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "எம் புள்ள எனக்குச் சிலுவை இல்லீங்க ஐயா. நாலு வருசமா ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சிக்கிறேனே, அதுதான் சிலுவை. அத ஒருநா யாராச்சும் தூக்குனா போதும்" என்றார்.

வீடு வந்து சேரும்வரை அந்தச் சொல் என்னை விடவில்லை. குழந்தை வேறு, சுமை வேறு என்று அவர் எவ்வளவு தெளிவாகப் பிரித்துவிட்டார்! குழந்தையையே சிலுவை என்று நாம் சொல்லும்போது, அதைத் தாயைத் தவிர வேறெவரும் தொடக்கூடாத புனிதப் பொருளாக்கிவிடுகிறோம். சுமை என்று பிரித்துவிட்டாலோ, அதற்கு நீளம், அகலம், எடை எல்லாம் வந்துவிடுகின்றன. இரவு விழிப்பு எத்தனை மணி? வாரம் இருமுறை நகரத்துக்குப் பயிற்சிக்குப் போக எத்தனை பேருந்து? அன்று கூலி எவ்வளவு போகிறது? எடை தெரிந்த சுமையைப் பங்கிடவும் முடியும்.

தவக்காலத்தில் சிலுவைப்பாதையின் ஐந்தாம் நிலையில் முழந்தாளிடும்போது சீரேன் ஊர்ச் சீமோனை எண்ணுகிறோம். அவர் வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவர் என்று மாற்கு எழுதுகிறார். நம்மைப்போல் சேற்றுக் காலோடு வந்தவராக இருக்கலாம். அவர் அன்பினால் முன்வரவில்லை, கட்டாயப்படுத்தப்பட்டார். திருச்சபை அவரை மறக்கவில்லை. உதவுவதற்கு முன் உள்ளம் உருக வேண்டும் என்று காத்திருப்போர்க்கு இதில் ஏதோ இருக்கிறது. இரக்கம் மழையைப் போன்றது, பெய்தால் உண்டு. முறைப்பாசனத்திலோ வாய்க்காலில் நீர் விடும் நாளும் நேரமும் குறித்தாயிற்று. தலைமடைக்காரனுக்குக் கடைமடைக்காரன்மேல் பாசம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. முறை வந்தால் மடையை அடைத்துக் கீழே விடவேண்டும். விடாவிட்டால் அது அன்புக்குறை அன்று, அநீதி. வேதாரணியம் பக்கமும் பேராவூரணிப் பக்கமும் உள்ள உழவர்கள் இதை எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லாதவர்கள்.

இனி ஒரு கசப்பான செய்தி. 1944இல் வியன்னா நகரில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற குழந்தை மருத்துவர் ஆட்டிசத்தைப் பற்றி எழுதினார். இக்குழந்தைகளிடம் உள்ள அறிவுத்திறனை எடுத்துக்காட்டி, இவர்கள் சமுதாயத்துக்குப் பயன்படுவர் என்று வாதிட்டார். அதனாலேயே நாஜி ஆட்சியில் அவர்களைக் காத்தவர் என்று நெடுங்காலம் போற்றப்பட்டார். 2018இல் ஹெர்விக் செக் என்ற வரலாற்றாசிரியர் பழைய ஆவணங்களை வெளியிட்டபோது வேறொரு உண்மை தெரிந்தது. பயன்படமாட்டார் என்று அவர் கருதிய சில குழந்தைகளை ஆம் ஸ்பீகல்குருண்ட் என்ற மனைக்கு அனுப்பப் பரிந்துரைத்திருந்தார். ஏறத்தாழ 800 குழந்தைகள் மடிந்த இடம் அது. ஆஸ்பெர்கர் பக்தியுள்ள கத்தோலிக்கர் என்பதையும் நாம் மறைக்கலாகாது.

அதே காலத்தில் இன்னொரு கத்தோலிக்கர் இருந்தார். 1941 ஆகஸ்டு 3ஆம் நாள் மியூன்ஸ்டர் நகரின் புனித லாம்பெர்ட் ஆலயத்தில் ஆயர் கிளெமென்ஸ் ஆகஸ்ட் வான் காலன் மறையுரை ஆற்றினார். நோயுற்றோரையும் மூளை வளர்ச்சி குன்றியோரையும் அரசு கொன்றுவருவதைப் பீடத்திலிருந்தே வெளிப்படுத்தினார். பயனற்றவன் வாழத் தகாதவன் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், முதுமையில் நாம் ஒவ்வொருவரும் அந்தப் பட்டியலில் வருவோம் என்பது அவர் வாதம். மறையுரை கைப்படிகளாகப் போர்முனை வரை பரவியது. அம்மாதத்திலேயே அத்திட்டம் நிறுத்தப்பட்டதாக ஆணை வந்தது. எனினும் கொலைகள் மறைவில் தொடர்ந்தன. 2005இல் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

இருவரையும் பிரித்தது அறிவுமன்று, பக்தியுமன்று. ஒருவர் பயன் என்ற அளவுகோலை ஏற்றுக்கொண்டு அதற்குள் சிலரையேனும் நுழைக்கப் பார்த்தார். மற்றவர் அந்த அளவுகோலையே முறித்தார். இது நம்மைத் தொடாத பழங்கதை என்று எண்ணவேண்டாம். எந்த ஆண்டின் எந்தத் தேதியைச் சொன்னாலும் அது என்ன கிழமை என்று நொடியில் சொல்லும் ஓர் இளைஞனை நான் அறிவேன். கல்யாண வீடுகளில் அவனை அழைத்து வைத்து ஆளாளுக்குத் தேதி கேட்பார்கள். கைதட்டுவார்கள். பந்தியில் அவன் பக்கத்து இலையில் உட்கார மட்டும் தயங்குவார்கள். ஆட்டிசம் உடையவர்கள் எல்லாரும் மேதைகள் என்று திரைப்படங்களைப் பார்த்துச் சிலர் சொல்கிறார்கள். திறமை ஏதுமில்லாத, தன் பெயரையும் சொல்லத் தெரியாத பிள்ளையின் தாய் அதைக் கேட்டு என்ன நினைப்பார்?

அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றே எப்போதும் பேசுகிறோம். தாமும் ஆட்டிசம் உடையவரான டேமியன் மில்ட்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 2012இல் எளிய ஒரு மறுகேள்வி எழுப்பினார்: உங்களுக்கு எங்களைப் புரிகிறதா? புரியாமை இருபக்கமும் உள்ளது. பழி மட்டும் ஒருபக்கம். அச்சிறுவன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினால் அடம் என்கிறோம். அவனைச் சிறிது நாள் உற்றுக் கவனித்தால், திருவிழாவுக்குக் கட்டிய ஒலிபெருக்கி அவன் சன்னலுக்கு நேரே இருப்பது தெரியும்.

பெற்றோரை உள்ளூர அரிக்கும் கேள்வி வேறொன்று. "எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்?" நான் பேசிய பெற்றோரில் இதைக் கேட்காதவர் ஒருவருமில்லை. பிள்ளை தமக்கு ஒருநாள் முந்திப் போய்விட வேண்டும் என்று செபிப்பதாக ஒரு தந்தை என்னிடம் சொன்னார். அவரைக் கண்டிக்க எனக்கு நா எழவில்லை. பிள்ளைகள் சிறுவராக இருக்கும்வரை பயிற்சி, பள்ளி என்று ஓடுகிறோம். அவர்களுக்கு மீசை முளைத்து, நாற்பது வயதாகி, தாய்க்கு எழுபது ஆகும்போது யாரும் பேசுவதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. டில்லியில் தாய் ஒருவர் 1991இல் தொடங்கிய 'ஆக்சன் ஃபார் ஆட்டிசம்' போன்ற பெற்றோர் அமைப்புகள் விடாது குரல் கொடுத்தன. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்து, பதினெட்டு வயது கடந்த பின்னும் சட்டப்படியான பாதுகாவலரை அமர்த்திக்கொள்ள இது வழி செய்கிறது. இதன்கீழ் வரும் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரை மருத்துவத்துக்கும் பயிற்சிக்கும் பெறலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வகைகளுள் ஆட்டிசத்தையும் சேர்த்தது. இவற்றை நம் பங்குகளில் எத்தனை பேர் அறிவர்? ஞாயிறுதோறும் திருமண அறிக்கை வாசிக்கிறோம். இதையும் ஒருநாள் வாசித்தால் குற்றமா?

சட்டம் பாதுகாவலரைத் தரும். பக்கத்தில் உட்காரும் ஆளைத் தராது. பாதுகாவலர் என்ற சொல்லிலும் ஓர் ஆபத்து உண்டு. வளர்ந்த ஒருவனுக்கு எங்கே வாழ்வது, யாரோடு உண்பது என்பதில் விருப்பம் இல்லாமலா இருக்கும்? பேச்சில்லை என்பதால் விருப்பமில்லை என்றாகிவிடாது. படத்தைத் தொட்டுக் காட்டியோ, தட்டைத் தள்ளியோ, ஒருவரைக் கண்டதும் அமைதியாகியோ அவன் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான். 2016ஆம் ஆண்டுச் சட்டம் அவனோடு சேர்ந்து முடிவெடுக்கும் பாதுகாவலரைப் பற்றிப் பேசுவது இதனால்தான்.

நம் ஆலயங்களைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிரான்சு நாட்டில் அறிவு வளர்ச்சி குன்றிய மைந்தர் இருவரோடு லூர்துக்குத் திருப்பயணம் போக விரும்பிய ஒரு தம்பதியை மற்றத் திருப்பயணிகளோடு சேர்க்க மறுத்தார்கள். அந்த வருத்தத்திலிருந்தே, 1971 உயிர்ப்புத் திருநாளுக்கு இத்தகையோரும் குடும்பத்தாருமாக 12,000 பேர் லூர்தில் கூடிய திருப்பயணமும், 'நம்பிக்கையும் ஒளியும்' என்ற இயக்கமும் பிறந்தன. (அதைத் தொடங்கிய இருவருள் ஒருவரான ஷான் வானியே பெண்கள் பலரிடம் தகாது நடந்தார் என்று அவர் நிறுவிய 'லார்ஷ்' இல்லங்களே 2020இல் விசாரித்து வெளியிட்டன. வலுவற்றோரைக் காப்பவரையும் ஒருவர் கண்காணிக்க வேண்டும் என்பதை அதில் கற்கிறோம்.) நமக்கு வேளாங்கண்ணி இருக்கிறது. மோர் விற்ற, நடக்க இயலாத சிறுவனுக்கு அன்னை தோன்றிய மரபை நடுத்திட்டில் நினைவுகூர்கிறோம். ஆகஸ்டு 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை அங்கு நிற்கும் கூட்டத்தில் இத்தகைய பிள்ளையோடு ஒரு தாய் கால் மணி நேரம் நிற்க முடியுமா?

திருப்பலியில் ஓசை எழுப்பிய பிள்ளையைப் பார்த்துத் திரும்பும் தலைகளே பல குடும்பங்களை வீட்டோடு நிறுத்திவிட்டன. ஓரிடத்தில், மன்றாட்டுகளை ஒப்பிக்கத் தெரியவில்லை என்று பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குப் புதுநன்மை மறுக்கப்பட்டதை அறிவேன். அமெரிக்க ஆயர்கள் 1995இல் தந்த வழிகாட்டுதலில், நற்கருணையைச் சாதாரண உணவிலிருந்து பிரித்தறிகிறாரா என்பதே அளவு; அதைச் சைகையாலோ வணக்கமான மௌனத்தாலோ காட்டினாலும் போதும். திருத்தந்தை பிரான்சிஸ் 2014 நவம்பரில் ஆட்டிசம் உடையோரையும் குடும்பங்களையும் ஆயிரக்கணக்கில் வத்திக்கானில் சந்தித்தபோது, அவர்களைச் சூழும் தனிமையை உடைக்க எல்லாரும் முன்வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தனிமை என்ற சொல்லை நான் அந்தத் தாழ்ப்பாளோடு சேர்த்தே நினைக்கிறேன்.

அந்தச் செபக்கூட்டத்துக்கு ஒரு மாதம் கழித்து, எங்கள் அன்பியத்தில் ஐந்து குடும்பங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஆளுக்கொரு நாள் மாலை நான்கிலிருந்து ஏழு வரை ஒருவர் அந்த வீட்டில் இருப்பது. அந்நேரம் தாய் உறங்கலாம், கடைக்குப் போகலாம், சும்மாவும் இருக்கலாம். அதற்குமுன் மூன்று மாலைகள் அவர் எங்களுக்குப் பாடம் எடுத்தார்: எந்தப் படத்தைக் காட்டினால் தண்ணீர் கேட்கிறான், எப்போது தொடக்கூடாது, காதைப் பொத்தினால் எதை அணைக்க வேண்டும் என்று. ஆற்றங்கரையில் கடை வைத்திருப்பவர், மாடு மேய்ப்பவர், லஸ்கர் மூவரிடமும் சிறுவனைக் கூட்டிச்சென்று அறிமுகப்படுத்தினோம். கோடையில் நீர் குறைந்த குளத்தில் கல்லூரி மாணவன் ஒருவன் அவனுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்கிறான். மிதக்க வந்துவிட்டது, கரையேற இன்னும் வரவில்லை.

எல்லாம் ஒழுங்காக நடந்ததென்று சொல்லமாட்டேன். சம்பா அறுவடையில் ஒரு குடும்பம் விலகியது. நான் இருமுறை மறந்துபோய், மூன்றாம் முறை அந்தத் தாயே ஆள் அனுப்பி, "இன்னைக்கு யார் முறைன்னு கேட்டாங்க" என்று சொல்லச் செய்தார். கேட்டு வந்த பையன் வாசலிலேயே நின்றான். நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.